ஒரே பெயர், பல நோய்கள்: சைக்கோசிஸை மூளையின் குறிகளால் பிரித்தறிதல்

சைக்கோசிஸ் என்பது ஒரு தனி நோயின் பெயர் அன்று. ஒரு நிலையின் பெயர். அந்த நிலையில் இருப்பவருக்கு அருகில் யாரும் பேசாதபோதும் குரல் கேட்கும். பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள், தன் எண்ணங்களை யாரோ களவாடுகிறார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாது. பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாமல் தாவும். இந்த நிலை முக்கியமாக மூன்று நோய்களில் காணப்படுகிறது. மனச்சிதைவு நோயில் இது நீண்டு நிற்கிறது. இருமுனைக் கோளாறில் மனம் அளவுமீறிப் பொங்கும்போதோ அடியோடு சோரும்போதோ வந்து போகிறது. இரண்டின் அறிகுறிகளும் கலந்து வருவது ஸ்கிட்சோஅஃபெக்டிவ் கோளாறு. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

இந்த மூன்றில் எது என்று முடிவு செய்ய மருத்துவரிடம் இன்று இருப்பவை நோயாளியின் பேச்சு, நடத்தை, குடும்பத்தார் சொல்லும் வரலாறு ஆகியவையே. நீரிழிவுக்கு இரத்தச் சர்க்கரை அளவு இருப்பது போல மனச்சிதைவைக் காட்டித்தரும் சோதனை எதுவும் இல்லை. ஒரே பெயர் சூட்டப்பட்ட இருவரில் ஒருவர் மூன்றே மாத மருந்தில் வேலைக்குத் திரும்புகிறார். இன்னொருவர் பத்து ஆண்டுகள் மருந்து எடுத்தும் குரல்களிலிருந்து விடுபடுவதில்லை. பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம் என்ற ஐயம் இங்கேதான் பிறக்கிறது. மூளையின் செயலையும் மனத்தின் திறன்களையும் நேரடியாக அளந்து, சைக்கோசிஸின் உட்பிரிவுகளைப் புதிதாகக் கண்டறியும் முயற்சி கடந்த இருபது ஆண்டுகளில் வேகம் பெற்றிருக்கிறது.

பெயர்கள் வந்த வழி

இன்றைய பிரிவினைக்கு அடித்தளம் இட்டவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின். 1899இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் அவர் கடும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். இளவயதில் தொடங்கி அறிவையும் ஆளுமையையும் படிப்படியாகக் கரைக்கும் நோய் ஒன்று; அலையலையாக வந்து இடையில் தெளிவு தரும் நோய் மற்றொன்று. பிரிப்பதற்கு அவர் கொண்ட அளவுகோல் நோயின் போக்கு. இந்தப் பிரிவினை ஐரோப்பாவுக்கு வெளியிலும் பொருந்துமா என்று பார்க்க அவர் 1904இல் ஜாவாவின் பொய்த்தன்சோர்க் மனநல மருத்துவமனைக்குச் சென்றார். இன்று போகோர் என்று அழைக்கப்படும் ஊர் அது. அங்கும் அதே நோய்களைக் கண்டார். ஆனால் இல்லாத குரல் கேட்பது ஐரோப்பிய நோயாளிகளைவிட அங்கே குறைவு என்று பதிவு செய்தார். நோய் ஒன்றாக இருந்தாலும் அது வெளிப்படும் முகம் ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கு அது ஒரு தொடக்கச் சான்று.

1908இல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர், கிரேப்பெலின் பிரித்த இரண்டில் முதல் நோய்க்கு ஸ்கிட்சோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு, என்று பெயரிட்டார். அதைப் பன்மையில் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. அது ஒரு நோய்க் கூட்டம் என்றே அவர் கருதினார். 1933இல் ஜேக்கப் கசானின் இரண்டுக்கும் இடைப்பட்ட ஸ்கிட்சோஅஃபெக்டிவ் என்ற பெயரைக் கொண்டுவந்தார். கிரேப்பெலினே 1920இல் எழுதிய கட்டுரையில், தாம் வரைந்த எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்ய முடியாத நோயாளிகள் பலர் இருப்பதை ஒப்புக்கொண்டார்.

மனச்சிதைவுக்குள்ளும் உட்பிரிவுகள் வகுக்கப்பட்டன. சந்தேகமும் பொய்நம்பிக்கையும் மேலோங்கிய வகை, பேச்சும் நடத்தையும் குலைந்த வகை, உடல் உறைந்துபோகும் காட்டடோனியா வகை என்று பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தன. ஆனால் ஒரே நோயாளி இந்த ஆண்டு ஒரு வகையிலும் அடுத்த ஆண்டு வேறு வகையிலும் சேர்ந்தார். வகையைத் தெரிந்துகொண்டதால் எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லவும் முடியவில்லை. ஆகவே 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அந்த உட்பிரிவுகளைக் கைவிட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடும் அவ்வாறே செய்தது.

விதிவிலக்காக நின்றது காட்டடோனியா. நோயாளி பேசாமல், உண்ணாமல், ஒருவர் தூக்கிவைத்த கையைக்கூட இறக்காமல் சிலைபோல் இருப்பார். இத்தகையவர்களுக்கு லோராசெபாம் மருந்தை ஓரிரு மில்லிகிராம் கொடுத்தால் பலருக்குச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உடல் தளர்ந்து வாய் திறக்கிறது, தண்ணீர் கேட்கிறார்கள். இந்தத் தெளிவான மருந்து விளைவு காரணமாகக் காட்டடோனியா எந்த நோயின் நடுவிலும் வரக்கூடிய தனி நிலையாக இன்று கணிக்கப்படுகிறது. உடலில் அளந்து பார்க்கக்கூடிய குறியும், அதற்கேற்ற சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தால் ஒரு பிரிவு நிலைக்கும் என்பதை இது காட்டுகிறது.

முன்பே பிரிந்து சென்ற நோய்கள்

ஒருகாலத்தில் மனநல மருத்துவமனைகளை நிறைத்த நோய்கள் சில, காரணம் தெரிந்ததும் அங்கிருந்து விடைபெற்றிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மனநல விடுதிகளில் பெரும் ஆடம்பரக் கற்பனைகளோடு வந்து, சில ஆண்டுகளில் கைகால் விழுந்து இறந்தவர்கள் ஏராளம். 1906இல் மேகநோயைக் (சிஃபிலிஸ்) காட்டும் வாசர்மன் இரத்தச் சோதனை வந்தது. 1913இல் நொகுச்சியும் மூரும் அந்த நோயாளிகளின் மூளைத்திசுவில் மேகநோய்க் கிருமியையே கண்டார்கள். பெனிசிலின் வந்தபின் அந்தப் பைத்தியம் ஏறக்குறைய மறைந்தது.

பெல்லாக்ரா இரண்டாவது எடுத்துக்காட்டு. தோல் கருகி, வயிறு கெட்டு, மனம் பேதலிக்கும் இந்த நோயால் அமெரிக்காவின் தென்மாநில மனநல விடுதிகள் நிரம்பியிருந்தன. 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் செய்த ஆய்வுகள் இது தொற்று அல்ல, உணவுக் குறைபாடு என்று நிறுவின. 1937இல் நியாசின் என்னும் வைட்டமின் பி3 இதற்கு மருந்தாக இனங்காணப்பட்டது. இந்தியாவில் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட தக்காணத்து ஏழைகளிடையே இதே நோயை விரிவாக ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன்.

மூன்றாவது எடுத்துக்காட்டு மிக அண்மைக் காலத்தது. 2007இல் ஹோசெப் டால்மாவும் அவர் குழுவினரும் மூளை நரம்பணுக்களிலுள்ள என்எம்டிஏ என்னும் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மூளையைத் தாக்கும் அழற்சியை விவரித்தார்கள். இளம்பெண்களே இதில் அதிகம். தொடக்கத்தில் பலர் மனநலப் பிரிவுக்கே அனுப்பப்படுகிறார்கள். குரல் கேட்கிறது, சந்தேகம் வருகிறது, பிறகு வலிப்பும் உடல் இறுக்கமும் தொடர்கின்றன. முதுகுத்தண்டு நீரில் எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தால் எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சை தரப்படுகிறது; பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். மலேசிய மருத்துவமனைகளிலும் இந்நோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. மனச்சிதைவு என்ற பெயரோடு மட்டும் விட்டிருந்தால் இவர்களில் பலரை இழந்திருக்க நேரும்.

எதை அளக்கிறார்கள்?

எஞ்சியிருக்கும் பெருங்கூட்டத்தில் இவ்வளவு வெளிப்படையான காரணம் எதுவும் தென்படவில்லை. அங்கே ஆய்வாளர்கள் தேடுவது சிறிய, நிலையான வேறுபாடுகளை. அவற்றை உயிர்க்குறிகள் என்கிறார்கள். அவை இரண்டு வகைப்படும்: நடத்தையில் அளக்கப்படுபவை, மூளையில் பதிவு செய்யப்படுபவை.

நடத்தைக் குறிகளில் எளிமையானது கண் சோதனை. நோயாளி இருட்டறையில் ஒரு திரையின் நடுப்புள்ளியைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். திடீரென்று வலப்பக்கம் ஒரு வெளிச்சம் தோன்றும். அவர் செய்ய வேண்டியது அதைப் பார்க்காமல், அதே தொலைவில் இடப்பக்கம் கண்ணைத் திருப்புவது. கேட்க எளிது, ஆனால் வெளிச்சத்தை நோக்கித் தாவுவது கண்ணின் இயல்பு. அந்தத் தாவலை மூளையின் முன்பகுதி தடுத்து நிறுத்தி, எதிர்த்திசைக்கு ஆணையிட வேண்டும். நலமானவர்களும் இதில் சில முறை தவறுகிறார்கள். சைக்கோசிஸ் உள்ளவர்களில் பலர் மிக அதிகமாகத் தவறுகிறார்கள், தவறியது தெரிந்து திருத்திக்கொண்டபோதும் அடுத்த முறை மறுபடி தவறுகிறார்கள். நோயில்லாத அவர்களின் உடன்பிறப்புகளிடமும் இந்தத் தடுமாற்றம் ஓரளவு தெரிகிறது. மனநோயில் கண்ணசைவு மாறுகிறது என்ற செய்தி 1908இலேயே அமெரிக்காவில் டீஃபென்டார்ஃபும் டாட்ஜும் பதிவு செய்தது. 1973இல் ஃபிலிப் ஹோல்ஸ்மன் அதற்குப் புத்துயிர் கொடுத்தார்.

இன்னொரு சோதனையில், திரையில் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவே நிறுத்தச் சைகை வந்தால் அழுத்தாமல் கையை அடக்க வேண்டும். சொற்பட்டியலை நினைவில் கொள்வது, எண்களை வரிசைப்படுத்துவது, குறிகளுக்கு ஏற்ற எண்களை வேகமாக எழுதுவது போன்ற பயிற்சிகளால் நினைவாற்றலும் வேகமும் அளக்கப்படுகின்றன.

மூளைக்குறிகளுக்கு முதன்மைக் கருவி, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி. தலையில் மின்முனைகள் பதித்த தொப்பியை அணிவித்து, காதில் அரை விநாடி இடைவெளியில் இரண்டு டிக் ஒலிகளைக் கேட்கச் செய்வார்கள். முதல் ஒலிக்கு மூளை எழுப்பும் அலை பெரிதாகவும், இரண்டாவதற்கு எழுப்பும் அலை சிறிதாகவும் இருப்பது இயல்பு. தேவையற்ற ஒலியைக் கதவருகிலேயே தடுக்கும் வேலை அது. சைக்கோசிஸ் உள்ள பலரிடம் இரண்டாவது அலை அவ்வளவாகச் சுருங்குவதில்லை. அடிக்கடி ஒலிக்கும் ஒரே சுரத்துக்கு நடுவே எப்போதாவது வேறு சுரம் ஒலித்தால், ஏறத்தாழ 300 மில்லிவிநாடியில் ஓர் அலை எழும். அதன் உயரமும் பலரிடம் குறைந்திருக்கிறது. எம்ஆர்ஐ படம் மூளையின் சாம்பல்நிறத் திசு எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டுகிறது. மனச்சிதைவில் மூளையின் உள்ளறைகள் விரிந்திருப்பதை 1976இல் லண்டனில் ஈவ் ஜான்ஸ்டோனின் குழு சிடி படங்களில் கண்டது இந்த வழியின் தொடக்கம்.

இவற்றில் எந்த ஒரு குறியும் தனியாக நோயைக் காட்டித் தராது. நோயாளிகளின் அளவுகளும் நலமானவர்களின் அளவுகளும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. பல குறிகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போதுதான் வடிவம் தெளிகிறது.

மூன்று உயிர்வகைகள்

இந்த வழியில் மிகப்பெரிய முயற்சி அமெரிக்காவில் நடந்த பி-ஸ்னிப் என்னும் கூட்டாய்வு. கரோல் டாமிங்கா, காட்ஃப்ரி பியர்ல்சன், ஜான் ஸ்வீனி, பிரெட் கிளெமென்ட்ஸ் ஆகியோரோடு, பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் பயிற்சி பெற்ற மாச்சேரி கேசவனும் இதை வழிநடத்தியவர்களில் ஒருவர். மனச்சிதைவு, ஸ்கிட்சோஅஃபெக்டிவ் கோளாறு, சைக்கோசிஸோடு கூடிய இருமுனைக் கோளாறு ஆகிய மூன்று பெயர்களில் ஒன்றைப் பெற்றிருந்த 700க்கும் மேற்பட்டவர்களையும், அவர்களின் நெருங்கிய இரத்த உறவினர் 800க்கும் மேற்பட்டவர்களையும், நலமானவர்களையும் ஒரே சோதனைத் தொகுதிக்கு உட்படுத்தினார்கள்.

2016இல் வெளியான முடிவில் அவர்கள் செய்தது துணிவானது. நோயின் பெயரை முழுவதும் ஒதுக்கிவைத்து, சோதனை அளவுகளை மட்டும் கணினியிடம் தந்து, இயல்பாக எத்தனை கூட்டங்களாகப் பிரிகின்றன என்று பார்த்தார்கள். மூன்று கூட்டங்கள் கிடைத்தன. அவற்றுக்கு முதல், இரண்டாம், மூன்றாம் உயிர்வகை என்று பெயர்.

முதல் உயிர்வகையினரிடம் சிந்தனைத் திறனும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனும் மிகவும் குறைந்திருந்தன. ஒலிக்கு மூளை எழுப்பும் அலையும் மங்கலாக இருந்தது. அன்றாட வாழ்வில் அதிகம் தடுமாறியவர்களும் இவர்களே. இரண்டாம் உயிர்வகையினரிடமும் கட்டுப்பாட்டுத் திறன் குறைந்தே இருந்தது. ஆனால் மூளை அலைகள் அளவுக்கு மிஞ்சி எழுந்தன. ஓய்வு நேரத்திலும் அவர்கள் மூளை இரைச்சல் மிகுந்து இயங்கியது. மூன்றாம் உயிர்வகையினர் பெரும்பாலான சோதனைகளில் நலமானவர்களை ஒட்டியே இருந்தார்கள். ஆனாலும் குரல்களும் பொய்நம்பிக்கைகளும் மற்றவர்களுக்கு இருந்த அளவுக்கு அவர்களுக்கும் இருந்தன.

மிக முக்கியமான கண்டுபிடிப்பு பழைய பெயர்கள் இந்தப் புதிய கூட்டங்களோடு பொருந்தாமல் போனது. முதல் வகையில் மனச்சிதைவு என்று பெயர் பெற்றவர்கள் சற்று அதிகம். மூன்றாம் வகையில் இருமுனைக் கோளாறு சற்று அதிகம். ஆனால் மூன்று வகைகளிலும் மூன்று பெயர்க்காரர்களும் இருந்தார்கள். எம்ஆர்ஐ அளவுகளை வகைபிரிக்கப் பயன்படுத்தாமல், பிறகு சரிபார்க்க மட்டும் பயன்படுத்தினார்கள். சாம்பல்நிறத் திசுக் குறைவு முதல் வகையில் பரவலாகவும், இரண்டாம் வகையில் அதைவிடக் குறைவாகவும், மூன்றாம் வகையில் மிகச் சிறிதாகவும் தெரிந்தது. இந்த வேறுபாட்டை நோயின் பெயரைவிட உயிர்வகை தெளிவாகக் காட்டியது. 2022இல் புதிய நோயாளிகளைக் கொண்டு செய்த மறு ஆய்விலும் இதே மூன்று வகைகள் கிடைத்தன.

இதே கேள்வியை மூளைப் படத்தை மட்டும் வைத்துக் கேட்டவர்களும் உண்டு. கணேஷ் சந்த், கிறிஸ்டோஸ் தவாட்சிக்கோஸ் ஆகியோர் இடம்பெற்ற பன்னாட்டுக் குழு 2020இல் அமெரிக்கா, ஜெர்மனி, சீனா ஆகிய நாடுகளைச் சேர்ந்த மனச்சிதைவு நோயாளிகளின் எம்ஆர்ஐ படங்களை ஆராய்ந்து இரண்டு வகைகளைக் கண்டது. ஒரு வகையில் சாம்பல்நிறத் திசு பல இடங்களிலும் குறைந்திருந்தது. மற்றொரு வகையில் மூளையின் அளவு ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகள் மட்டும் பெருத்திருந்தன. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்கள் இந்த இரண்டாம் வகை. மனச்சிதைவு என்றால் மூளை சுருங்கும் நோய் என்ற பொதுக்கூற்று எல்லோருக்கும் பொருந்தாது என்பது இதனால் தெளிவாகிறது.

மருந்தின் பக்கத்திலிருந்தும் ஒரு பிரிவு தெரிகிறது. மனச்சிதைவு மருந்துகளில் பெரும்பாலானவை டோப்பமின் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுப்பவை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இரண்டு மருந்துகளைப் போதிய அளவிலும் போதிய காலமும் கொடுத்தும் பலன் கிடைப்பதில்லை. 2012இல் லண்டனில் செய்த ஆய்வில், இப்படிப் பலன் கிடைக்காதவர்களின் மூளையில் டோப்பமின் உற்பத்தி நலமானவர்களின் அளவிலேயே இருந்தது. மிகாத பொருளைத் தடுக்கும் மருந்து குணப்படுத்தாததில் வியப்பில்லை. இவர்களில் பலருக்குக் கைகொடுப்பது குளோசாபின் என்னும் மருந்து.

சென்னையிலிருந்து வந்த சான்றுகள்

தமிழர்களிடையே சைக்கோசிஸ் எப்படிப் போகிறது என்பது பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் எம். சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மனநல மருத்துவர் ஆர். தாராவும் அவர் சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக நோய்வாய்ப்பட்ட 90 பேரைச் சேர்த்து, இருபது ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். சென்னை நெடுங்கால ஆய்வு என்று அறியப்படும் அந்தப் பணியில் சிலர் ஒரே முறை நோயுற்று முழுவதும் மீண்டார்கள். பெரும்பாலோர் நோயும் நலமுமாக மாறிமாறிக் கடந்தார்கள். சிலர் ஒருபோதும் தேறவில்லை. ஒரே ஊர், ஒரே பெயர் கொண்ட நோய், ஒரே மருத்துவர்கள். முடிவுகள் மட்டும் வேறு. உட்பிரிவுகளைத் தேட வேண்டியதன் தேவைக்கு இதைவிட நெருக்கமான சான்று தமிழ் வாசகருக்குக் கிடைக்காது.

பிற்காலத்தில் ஸ்கார்ஃபும் கனடாவின் மாண்ட்ரியல் ஆய்வாளர்களும் சேர்ந்து, முதன்முறை சைக்கோசிஸ் வந்தவர்களுக்கு இரு நகரங்களிலும் ஒரே முறையில் சிகிச்சை அளித்து ஒப்பிட்டார்கள். பேச்சும் ஆர்வமும் வற்றிப்போகும் அறிகுறிகள் சென்னை நோயாளிகளிடம் மாண்ட்ரியல் நோயாளிகளைவிட நன்றாகக் குறைந்தன. குடும்பம் உடன் இருந்து பங்கேற்றது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மூளைக்குறிகள் மட்டுமே விதியைத் தீர்மானிப்பதில்லை என்பதை இந்த முடிவு நினைவூட்டுகிறது.

மரபணுத் தேடலிலும் தமிழ்நாடு இடம்பெற்றிருக்கிறது. ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 1,300க்கும் மேற்பட்ட இந்திய மனச்சிதைவு நோயாளிகளின் மரபணுக்கள் ஆராயப்பட்டன. எட்டாவது குரோமோசோமில் நோயோடு தொடர்புடைய ஓர் இடம் தெரிந்தது. அங்குள்ள மரபணு உடல் நியாசினைக் கையாளும் வழியோடு தொடர்புடையது. மனச்சிதைவு நோயாளிகள் சிலரின் தோலில் நியாசின் தடவினால் மற்றவர்களைப் போல் சிவப்பதில்லை என்பது ஏற்கெனவே அறியப்பட்ட குறி. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. மனச்சிதைவுக்குள் நியாசின் சார்ந்த ஒரு சிறு பிரிவு இருக்கக்கூடும். இதைப் படித்துவிட்டு நியாசின் மாத்திரை வாங்கி விழுங்குவது தவறு. பெல்லாக்ராவைத் தீர்த்தது போல அது மனச்சிதைவைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை.

ஜெலுத்தோங் குடும்பத்துக்கு இதன் பொருள்

மேலே சொன்ன நடத்தை, மூளைச் சோதனைகளில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கின்றன. மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜெலுத்தோங்கில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் நாளை மகனையோ மகளையோ மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், அவர் எந்த உயிர்வகை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு தனிமனிதரைத் துல்லியமாக வகைப்படுத்தும் அளவுக்கு இந்தக் குறிகள் இன்னும் உறுதியாகவில்லை. ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். பலர் ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அந்த மருந்தும் மூளை அலைகளை மாற்றக்கூடும்.

மொழி இன்னொரு தடை. சொற்பட்டியலை நினைவில் கொள்ளும் சோதனையை எந்த மொழியில் வைப்பது? வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடைத்தெருவில் ஹொக்கியன், வேலையிடத்தில் ஆங்கிலம் என்று வாழும் பினாங்குத் தமிழருக்கு ஒரே மொழியில் வைத்த சோதனை அவரது நினைவாற்றலைக் குறைத்துக் காட்டும். அளவுகோல் வேறு மொழிக்காரர்களிடம் உருவாக்கப்பட்டதாக இருந்தால் தவறு இன்னும் பெருகும். கண்ணசைவுச் சோதனையும் டிக் ஒலிச் சோதனையும் மொழியைச் சார்ந்தவை அல்ல. பல மொழி பேசும் மலேசியாவில் உயிர்க்குறி ஆய்வு வேரூன்ற அவையே ஏற்ற தொடக்கம்.

உயிர்வகை தெரியாவிட்டாலும் பிரித்தறியும் வேலை இன்றே நடக்கக்கூடியதுதான். முதன்முறை சைக்கோசிஸ் வந்தவருக்கு இரத்தச் சோதனையும், தேவைப்பட்டால் மூளைப் படமும் எடுக்கப்படுகின்றன. சியாபு எனப்படும் மெத்தாம்ஃபெட்டமின் போதைப்பொருளே காரணமாக இருந்தால் சிறுநீர்ச் சோதனை காட்டிக்கொடுக்கும். காய்ச்சல், வலிப்பு, திடீர்க் குழப்பம் இருந்தால் மூளை அழற்சியைத் தேட வேண்டும். உடல் உறைந்திருந்தால் காட்டடோனியா. இரண்டு மருந்துகள் பலிக்காவிட்டால் குளோசாபின் பற்றிப் பேச வேண்டும். அந்த மருந்து வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தம் எடுக்கிறார்கள். அந்தச் சிரமத்துக்கு அஞ்சி அதைத் தவிர்ப்பது பல நோயாளிகளுக்கு ஆண்டுகளை வீணாக்குகிறது.

குடும்பம் தரும் தகவலும் ஒரு குறியே. முதல் மாற்றம் எந்த மாதம் தெரிந்தது, தூக்கம் எப்போது கெட்டது, குரல்கள் கேட்ட நாள்களில் மனம் பொங்கியிருந்ததா சோர்ந்திருந்ததா, இதுவரை எந்த மருந்து எவ்வளவு அளவில் எத்தனை மாதம் கொடுக்கப்பட்டது, பலன் என்ன, இரத்த உறவில் யாருக்கு இத்தகைய நோய் இருந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மனச்சிதைவா இருமுனைக் கோளாறா என்ற முடிவுக்கு அது எந்தக் கருவியையும்விட உதவும்.

1911இல் பேராக்கில் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயர் இந்நாட்டில் எல்லா இனத்தாரிடமும் ஏளனச் சொல்லாகிவிட்டது. அந்த ஏளனத்துக்கு அஞ்சியே பல குடும்பங்கள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. கோவிலுக்கும் போமோ எனப்படும் மலாய் நாட்டு வைத்தியரிடமும் போய்விட்டுக் கடைசியாக மருத்துவரிடம் வருகின்றன. சிகிச்சையில்லாமல் கழியும் காலம் நீண்டால் மீள்வது கடினமாகிறது என்பது உலகெங்கும் நிறுவப்பட்ட உண்மை. பிரார்த்தனையும் சிகிச்சையும் ஒன்றாக நடக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

மனச்சிதைவு என்ற சொல் ஒரு தீர்ப்பு அன்று. அதற்குள் விரைவில் தேறக்கூடியவரும், வேறு மருந்து தேவைப்படுபவரும், வேறு நோயையே உடையவரும் கலந்திருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தறியும் அறிவியல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது முழுமையடையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது என்று முதன்முதலில் சொல்லும்போதே, அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து பினாங்கு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஒரு பெயர் சொல்லப்பட்டு மருந்து பலிக்காமல் போனால், வேறு எதையேனும் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.